பூரணையும் வெள்ளியும் சேர்ந்த நாளின் சூப்

அப்பாவின் சாம்பல் நிற ஜாக்கெட்டில் எலுமிச்சம்புல்லும் புளித்த இறாலும் கலந்த வாசனை இருந்தது. பனிக்காலத்திலும் அம்மா அதைப் பால்கனிக் கம்பியில்தான் தொங்கவிடுவார், காலையில் அது விறைத்துப் பலகைபோல் நிற்கும், வாசனை மட்டும் போகாது. எங்கள் வீட்டில் அதற்கு "செஃபின்ரை மணம்" என்று பெயர். செஃபின் என்றால் முதலாளியம்மா. வியட்நாமின் நடுப்பகுதியிலுள்ள ஹுவே நகரத்திலிருந்து எங்களைப் போலவே அகதியாக வந்து, நாங்கள் குடியிருந்த ஷ்லீரன் என்ற ஊரின் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒன்பது மேசைகளோடு கணவரும் தானுமாக நூடுல்ஸ் கடை நடத்தியவர்.

அப்பா அங்கே இரண்டு வருடம் பாத்திரம் கழுவினார். எனக்குப் பதினொரு வயதான ஆண்டு செஃபின் அவரிடம் சூப் பானையை ஒப்படைத்தார். வதிவிட அனுமதி விண்ணப்பத்தோடு இணைக்க, "இவர் எங்கள் சமையற்காரர்" என்று ஒரு கடிதம் தருவதாகவும் சொன்னார். பாத்திரம் கழுவுபவரை நாட்டுக்குத் திருப்பி அனுப்பலாம், சமையற்காரரை அனுப்புவது அவ்வளவு எளிதல்ல என்று அப்பா நம்பினார். ஈஸ்டருக்கு முன் நாங்கள் நோன்பிருக்கும் தவக்காலத்தின் இரண்டாவது வாரம், சனிக்கிழமை கடிதம் தருவதாகப் பேச்சு.

மாட்டெலும்பும் எலுமிச்சம்புல்லும் கொதித்த பிறகு, உப்பு மிகுந்த இறால் விழுதை அளந்து ஒரு தடவை மட்டும் போடவேண்டும். காலையில் அப்பா, செஃபின் இருவரில் யார் முதலில் வருகிறாரோ அவர் போடுவார், பின்னால் வருபவர் ஒரு கரண்டி ருசித்துத் தெரிந்துகொள்வார். இருவருக்கும் ஜெர்மன் அரைகுறை என்பதால் கேட்டுக்கொள்ளும் வழக்கமே இல்லை, நாக்குத்தான் பேசிக்கொண்டது.

அந்த வெள்ளிக்கிழமை செஃபின் விழுதைப் போட்டுவிட்டுக் கீரை வாங்கப் போயிருந்தார். பின்னால் வந்த அப்பா, தவக்கால வெள்ளியில் இறைச்சிச் சாறு நாவில் படக்கூடாது என்பதால் ருசிக்காமல், செஃபினைக் காணாததால் இன்னும் போடவில்லை என்று எண்ணி இன்னொரு தடவை போட்டார். திரும்பி வந்த செஃபினும் ருசிக்கவில்லை.

அம்மா துப்புரவு வேலைக்குப் போவதால் மதியம் நான் கடையின் மூலை மேசையில் சாப்பிடுவேன். அன்று எனக்கும் மரக்கறி நூடுல்ஸ்தான். பக்கத்துத் தொழிற்சாலைக்காரர் நான்கு பேர் முதல் கரண்டியிலேயே தண்ணீர் கேட்டார்கள். அதன் பின் நடந்த பேச்சை அப்பா வீட்டில் எங்கள் தமிழில் பலமுறை நடித்துக் காட்டியிருக்கிறார்.

"அன்ரனி, நீ ருசி பாக்கேல்லையோ?"

"இண்டைக்கு வெள்ளி, செஃபின். நீங்கள் பாத்திருப்பியள் எண்டு நினைச்சன்."

"நான் எப்பிடிப் பாக்கிறது? இண்டைக்குப் பூரணை. புத்தசமயக்காரர் எங்களுக்கு மச்சமாமிசம் இல்லை."

தடித்த தொழிலாளி ஒருவர் கிண்ணத்தைத் தள்ளிவைத்தார். "நீங்கள் ரெண்டுபேரும் மோட்சத்துக்குப் போங்கோ. நாங்கள் இஞ்சை உப்பிலை சாகிறம்."

கடையே சிரித்தது, அப்பா சிரிக்கவில்லை. முழுப் பானையையும் அவரே கவிழ்த்துக் கழுவினார், பழையபடி பாத்திரம் கழுவுபவராக.

"கடிதத்தை எந்த முகத்தோடை கேக்கிறது?" என்றார் வீட்டில்.

"இருக்கிற முகத்தோடைதான். கடிதம் தானா நடந்து வருமோ?" என்றார் அம்மா.

மறுநாள் அப்பா கேட்கவில்லை. செஃபின் தானே கடிதத்தை மேசையில் வைத்தார். நான்தான் வீட்டில் வாசித்துச் சொன்னேன்: இவர் எங்கள் சமையற்காரர், சூப் முழுவதும் இவர் பொறுப்பு, தவக்கால வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ருசி பார்ப்பதில்லை. அந்தக் கடைசிப் பகுதியை வெட்டித்தரச் சொல்லலாமா என்று அம்மா கேட்டார். "உண்மைதானே, கிடக்கட்டும்," என்றார் அப்பா. அப்படியே அனுப்பினோம். அனுமதி பதினான்கு மாதம் கழித்து வந்தது.

கடிதம் கிடைத்த வாரமே, செஃபின் தந்த நாட்காட்டியில் பூரணைக்குச் சிவப்பு வட்டமும், தவக்கால வெள்ளிக்கு நீலச் சிலுவையும் போட்டுக் கொடுத்தேன். இரண்டும் ஒரே கட்டத்தில் விழும் நாளில் எலும்புப் பானை ஏறாது, டோஃபு நூடுல்ஸ் மட்டும். நடப்பவற்றை நான் ஒழுங்காக எழுதிவைக்கத் தொடங்கியது அதிலிருந்துதான்.

இன்று அந்த இடத்தில் மூக்குக்கண்ணாடி விற்கிறார்கள். வாசலில் நின்றால் எந்த வாசனையும் இல்லை. செஃபின் மகளோடு லொசான் நகரில் இருக்கிறார். அப்பாவின் ஜாக்கெட் எப்போது போனது என்று என் குறிப்பேடுகளில் இல்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் புது நாட்குறிப்பில் முதல் வேலையாக வட்டங்களையும் சிலுவைகளையும் போடுகிறேன். வரும் ஆண்டில் ஒரு நாள் இரண்டும் சேர்கின்றன. அன்றைக்குப் பானை ஏற்றாமல் விடுவதற்குத்தான் அந்தக் கடையின் அடுப்பு இல்லை.