கஞ்சிச் சட்டையும் காற்றுப்பையும்

கார் வாங்கியதும் அத்தான் முதலில் செய்த காரியம், பெல்ட் போடாமல் ஓட்ட ஒரு வழி கண்டுபிடித்ததுதான்.

அத்தான் என் அக்காவின் கணவர். சிங்கப்பூரில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு வந்து, குத்தாலத்துக்குப் பக்கத்தில் சொந்த நிலத்தில் நெல் போடுகிறவர். வெளியே கிளம்பினால் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. சட்டையில் ஏறியிருக்கும் கஞ்சிக்கு, அதைத் தரையில் வைத்தால் தானாகவே நிற்கும். அதன் குறுக்கே பெல்ட் போட்டால் தோளிலிருந்து இடுப்புவரை ஒரு கோடு விழுந்துவிடும். அந்தக் கோட்டோடு கல்யாண மண்டபத்தில் நுழைவதைவிட அபராதம் கட்டிவிடலாம் என்பது அவர் கட்சி. பெல்ட் போடாவிட்டால் கார் கத்தும். அதற்கும் கடையில் வழி இருந்தது. ஒரு சிறிய உலோகத் துண்டைப் பெல்ட் மாட்டும் இடத்தில் செருகினால், பெல்ட் போட்டாயிற்று என்று நம்பி கார் வாயை மூடிக்கொள்ளும்.

"ஏங்க, அதைப் புடுங்கிப் போட்டுட்டு ஒழுங்கா பெல்ட்டைப் போடுங்களேன்" என்பாள் அக்கா.

"எதுக்கு? அதான் ஏர்பேக் இருக்குல்ல. இடிச்சா அது வந்து புடிச்சுக்கும். என்ன மாப்ளே?"

மாப்ளே நான்தான். ஒரு பத்திரிகையில் விபத்துச் செய்திகளைத் திருத்துவது நெடுநாள் என் வேலையாக இருந்தது. லாரியின் நிறம் இருக்கும், பஸ் போன ஊர் இருக்கும், ஓட்டியவரின் மாமனார் ஊர்கூட இருக்கும். பெல்ட் போட்டிருந்தாரா என்ற வரி மட்டும் இருக்காது. நிருபரைக் கூப்பிட்டால், "கேக்கலியே சார்" என்பார்.

அந்த வரியைத் தேடப்போய்த் தெரிந்துகொண்டதை அத்தானிடம் சுருக்கமாகச் சொன்னேன். ஏர்பேக் மெத்தை மாதிரி விரித்து வைத்துக் காத்திருப்பதில்லை. இடித்த கணத்தில் வெடித்துப் புடைக்கிறது. பெல்ட் ஆளை இழுத்துப் பிடித்திருந்தால், புடைத்து முடித்த பையில் போய்ச் சாய்வார். பெல்ட் இல்லாவிட்டால் அது புடைத்துக்கொண்டிருக்கும்போதே எதிரே போய் நிற்பார். அப்போது அது தாங்குவதில்லை, அறைகிறது.

"காசு குடுத்து வாங்கின கார் என்னையே அறையுமா?" என்றார் அத்தான். பேச்சு அத்தோடு முடிந்தது.

அக்காவுக்குக் காரும் வேண்டியிருந்தது, கணவரும் வேண்டியிருந்தது. அவள் விடவில்லை. முதலில் பிள்ளையாரிடம் போனாள். முன்சீட்டுக்கு எதிரே, ஏர்பேக் ஒளிந்திருக்கும் மூடியின் மேலேயே பிள்ளையாரை ஒட்டி வைத்திருந்தார்கள். நம் பக்கத்தில் பெரும்பாலான கார்களில் அவருக்கு அதுதான் இடம். ஒரு வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து, சூடம் காட்டி, "கோவிச்சுக்காதப்பா" என்று அவரைப் பெயர்த்துப் பூஜை அலமாரிக்குக் கொண்டுபோனாள்.

"சாமியையே காலி பண்ணிட்டியேடி!"

"பை வெடிச்சா அவரு பறந்து வந்து எந்தம்பி மூக்கை ஒடைச்சிருவாரு. அந்தப் பாவம் அவருக்கெதுக்கு?"

பிள்ளையார் இடம் மாறினார். அத்தான் மாறவில்லை.

தை மாதம், தஞ்சாவூரில் ஒரு கல்யாணம். போகும்போது வழக்கம்போல உலோகத் துண்டுதான் பெல்ட் போட்டுக்கொண்டது. சட்டை மண்டபத்துக்குள் விறைப்பாக நுழைந்தது. பந்தியில் ரசம் தெறித்து, சொந்தக்காரர்கள் கட்டிப்பிடித்து, திரும்பக் கிளம்பும்போது பழந்துணியாகியிருந்தது. அக்கா அதைப் பார்த்தாள்.

"சட்டைதான் கசங்கிப் போச்சே. இனிமே யாருகிட்ட காட்டப் போறீங்க? மாட்டுங்க."

அக்கா உலோகத் துண்டை உருவித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அவர் பெல்ட்டை மாட்டினார். நான் முன்சீட்டில், அக்கா பின்சீட்டில். நாங்களும் மாட்டிக்கொண்டோம்.

சம்பா அறுவடை நேரம். குத்தாலம் நெருங்கும்போது சாலையின் இடப்பாதி முழுக்க நெல் காய்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் அடையாளத்துக்குச் சிறு கருங்கற்களை வரிசையாக வைத்திருந்தார்கள். அத்தான் வலப்பக்கம் ஒதுங்கி ஓட்டினார். வளைவில் எதிரே பஸ் வந்தது. இடப்பக்கம் ஒடித்து நெல்லின் மேல் ஏற்றியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அத்தான் பிரேக்கை மிதித்து வலப்பக்கம் ஒடித்தார். பஸ்ஸுக்குத் தப்பி, வாய்க்கால் மதகின் கைப்பிடிச் சுவரில் போய் இடித்தோம்.

பட்டாசுச் சத்தம். பட்டாசு வாசனை. காருக்குள் வெள்ளைத் தூள் மிதந்தது. ஸ்டியரிங்கிலிருந்து காற்றுப்போன பை ஈர வேட்டி மாதிரி தொங்கியது. என் மூக்கைத் தொட்டுப் பார்த்தேன், இருந்தது.

"என்னங்க! என்னங்க!" என்று பின்னாலிருந்து அக்கா அத்தானின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

அத்தான் கண்ணைத் திறந்தார். "நெல்லு மேல ஏறலியே?"

நெல்லுக்குச் சொந்தக்கார அம்மாள், நெல் துழாவும் பலகையோடு ஓடி வந்தார். "ஏன்யா, மேல ஏத்திட்டுப் போக வேண்டியதுதானே! நெல்லுதானே, கூட்டி அள்ளிக்க மாட்டேனா? மனுசனை அள்ள முடியுமா?"

"நெல்லும்மா" என்றார் அத்தான், அதற்குமேல் விளக்கம் தேவையில்லை என்பதுபோல.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு எதுவும் முறியவில்லை. வலத் தோளிலிருந்து இடது இடுப்புவரை கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கோடு மட்டும் கன்றியிருந்தது. டாக்டர் அதைப் பார்த்ததுமே, "பெல்ட் போட்டிருந்தீங்க போல. நல்லதாப் போச்சு. கொஞ்ச நாளைக்குத் தும்மினா வலிக்கும்" என்றார். சட்டையில் விழக்கூடாது என்றிருந்த கோடு உடம்பில் விழுந்திருந்தது. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அத்தானே சட்டையைத் திறந்து காட்டினார். அக்கா அழுததை நான் பார்த்தது அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில்தான். அதுவும் கொஞ்ச நேரம். அப்புறம் அந்த உலோகத் துண்டை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, காப்பி வாங்கப் போனாள்.

புதுப் பைகளோடு கார் திரும்பி வந்தபின் மாயவரத்தில் ஒரு கல்யாணம். இன்றைக்கு என்ன சண்டை வருமோ என்று போனேன். அத்தான் பனியனும் வேட்டியுமாக வந்து ஓட்டும் சீட்டில் உட்கார்ந்து, யாரும் சொல்லாமலே பெல்ட்டை மாட்டினார். கஞ்சிச் சட்டை ஹேங்கரில், பின் ஜன்னலோரம் தொங்கியது. அக்கா அதன் பக்கத்தில் இடிபடாமல் ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை.

மண்டபத்து வாசலில் காரை நிறுத்தி, இறங்கி, சட்டையை மாட்டினார். பக்கத்துக் காரிலிருந்து இறங்கிய ஒருவரின் வெள்ளைச் சட்டையில் குறுக்கே கோடு விழுந்திருந்தது. அவர் அதைக் கையால் நீவிக்கொண்டிருந்தார்.

"பெல்ட் போட்டீங்களா? ரொம்ப நல்லதுங்க" என்றார் அத்தான், கடைசிப் பொத்தானைப் போட்டபடி. "ஆனா சட்டையைக் கழட்டிட்டுப் போடணும்."