வென் லாவ்ஷியும் பன்னிரண்டு துவாய்களும்

வென் லாவ்ஷி இன்று காலை இறந்துவிட்டார். எங்கள் கிண்டர்கார்டன் பொறுப்பாளர் போனில் சொன்னார்... கேன்சர் என்று தெரிந்து நாலு மாதம்கூட ஆகவில்லை.

நான் ஜெர்மனியில், கொலோன் நகரில் ஒரு சீனக் கிண்டர்கார்டனில் வேலை செய்வது இங்கே பலருக்குத் தெரியும். பிள்ளைகள், சாப்பாடு, பாட்டு எல்லாம் சீனம். ஜெர்மன் பேச மட்டும் ஒரு வெளிநாட்டு ரீச்சர்... அது யாழ்ப்பாணத்துக்காரி நான்!

லாவ்ஷி என்றால் ரீச்சர். வென் லாவ்ஷி என் வகுப்பில் கூட வேலை செய்தவர், ஐம்பத்தெட்டு வயது, ஒரு மகள் இருக்கிறாள்.

நான் குழாயில் தண்ணீர் பிடித்தால் கிளாஸைப் பறித்துவிடுவார். "பச்சைத் தண்ணி குடிக்காதை பிள்ளை, வயித்துக்குக் கூடாது." பேசியது அரைகுறை ஜெர்மன்தான். ஆனால் என் காதில் அம்மாவின் தமிழாகத்தான் விழும். இங்கே மற்றவர்களையும் அப்படியே தமிழில் பேச விடுகிறேன்.

மத்தியானம் பிள்ளைகளை முதுகில் தட்டித் தூங்க வைப்பது அவர் வேலை. முதலில் குறட்டை விடுவதும் அவர்தான். பிள்ளைகள் எழும்பி, "ஷ்ஷ்... லாவ்ஷி நித்திரை" என்று என்னை அதட்டுவார்கள்.

நான் சேர்ந்து மூன்றாம் மாதம். அங்கே பிள்ளைகள் வெளியே விளையாடப் போகுமுன் முதுகுக்கும் பெனியனுக்கும் நடுவில் ஒரு மெல்லிய துவாய் வைப்பார்கள். வேர்வையை அது உறிஞ்சிவிடும், பிறகு உருவி எடுக்கலாம்.

எனக்கு அது தெரியாது. கழுத்துக்குப் பின்னால் துணி தொங்குகிறதே என்று வெளியே போகுமுன்பே பன்னிரண்டு பேருக்கும் உருவி, வாஷிங் மெஷினில் போட்டுவிட்டேன். உள்ளே வந்ததும் ஜெர்மன்காரர் மாதிரி ஜன்னலையும் திறந்துவிட்டேன். பெரிய கெட்டிக்காரி!

அடுத்த நாள் ஐந்து பிள்ளைகளுக்குக் காய்ச்சல். பெற்றோரின் வாட்ஸ்அப் குரூப் கொதித்தது. என் அம்மாகூட, "வேர்வை உடம்பிலை சுவறினால் தடிமன் காய்ச்சல் வரும் எண்டு உனக்குத் தெரியாதோ?" என்று கேட்டார்.

முதல் ஆறு மாதம் சோதனைக் காலம். காரணம் சொல்லாமலே வேலையை விட்டு நிறுத்தலாம்.

ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. பொறுப்பாளர் பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்டார் என்று மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று போனில் பழைய கதை வந்தபோது அதற்கு நன்றி சொன்னேன்.

"நான் உங்களை நிப்பாட்டத்தான் இருந்தனான்" என்றார். "வென் வந்து, தான்தான் துவாயை எடுக்கச் சொன்னதெண்டு சொன்னவ. அதாலைதான் அந்த வருசம் அவவுக்கு வகுப்பைப் பொறுப்பெடுக்கிற குரூப் லீடர் வேலை குடுக்கேல்லை."

வென் லாவ்ஷி அப்படி என்னிடம் சொல்லவேயில்லை. நான் துவாய்களை உருவிய நேரம் அவர் உள்ளே பழம் வெட்டிக்கொண்டு நின்றார்.

குரூப் லீடர் வேலை ஏன் கிடைக்கவில்லை என்று நானே ஒருநாள் அவரிடம் கேட்டிருக்கிறேன். "மீற்றிங் எல்லாம் எனக்கு ஏலாது பிள்ளை" என்று சிரித்தார். நானும் நம்பிவிட்டேன். நினைக்க வெட்கமாக இருக்கிறது...

துவாயை நானாகத்தான் எடுத்தேன் என்று பொறுப்பாளரிடம் போனிலேயே சொல்லிவிட்டேன். பிறகு, "வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அடக்கம், வாங்கோ" என்றார்.

போயிட்டு வாங்கோ, வென் லாவ்ஷி. வெள்ளிக்கிழமை வாறன். நீங்கள் எனக்காகச் செய்ததை உங்கட மகளிட்டையும் சொல்லுறன்.