கடிகாரத் தொட்டியில் ரூபனின் குரல்

பிள்ளைகளே, உங்கள் அப்பா பேய், ஆவி என்று எதையும் நம்பாதவன் என்பது உங்களுக்குத் தெரியும். சிரிப்பதென்றால் முழுக்க வாசித்துவிட்டுச் சிரியுங்கள்.

உங்கள் மாமியின் மகன் ரூபன் நோர்வேக் கடற்படையில் சேர்ந்து, வடதுருவப் பக்கம் நீர்மூழ்கிக் கப்பலில் போன முதல் குளிர்காலம் அது. புறப்படுமுன் எனக்குப் போன் எடுத்தான்.

"எங்கையடா போறாய்?"

"சொல்லக்கூடாது மாமா. நாங்கள் எங்கை நிக்கிறம் எண்டு தெரியாட்டித்தான் மற்றவன் கிட்ட வரப் பயப்படுவான். சண்டை வராமல் இருக்கத்தான் ஒளிச்சு நிக்கிறம்."

"கொம்மாவுக்கும் சொல்லேல்லையோ?"

"அம்மாவுக்குச் சொன்னால் நோர்வே முழுக்கத் தெரியுமே!"

சிரித்தேன். ஊரில் கடற்படையைக் கண்டால் நாங்கள் ஒளிந்தோம், நோர்வேயில் கடற்படையே ஒளிகிறது என்று யோசித்துக்கொண்டிருக்க, "சரி மாமா, போறன்" என்றான். அங்கே பிறந்த பிள்ளை, புறப்படும்போது திரும்பி வருவதாகச் சொல்லவேண்டும் என்று அவனுக்குத் தெரியாது.

"போறன் எண்டு சொல்லாதை. போட்டு வாறன் எண்டு சொல்லு."

அவன் சொல்வதற்குள் லைன் அறுந்துவிட்டது. பிறகு வாரக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. மாமி அழாத நாளில்லை. ஒளிந்திருப்பதுதான் அவனுக்குக் காவல் என்று நான் தேற்றினேன், ஆனால் அந்தப் 'போறன்' என் நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது.

இங்கே லா ஷோ-து-ஃபோன் நகரத்துக் கடிகாரத் தொழிற்சாலையில் என் வேலை உங்களுக்குத் தெரியும், கைக்கடிகாரத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, அழுத்தம் கொடுத்து, எங்காவது கசிந்து குமிழி வருகிறதா என்று பார்ப்பது. ஒரு மத்தியானம், மெஷின் நிறுத்தியிருக்கிறது, தொட்டிக்குள் கடிகாரமும் இல்லை, நானும் கூட வேலை செய்யும் மோனிக்கும் சாப்பிட எழும்புகிறோம், நம்பினால் நம்புங்கள், வெறும் தண்ணீருக்குள்ளிருந்து ஒரேயொரு குமிழி மேலே வந்து உடைந்தது. உடைந்த இடத்தில் ரூபனின் குரல்: "போட்டு வாறன், மாமா."

பிரமை என்றுதான் நினைத்தேன். ஆனால் பிரெஞ்சைத் தவிர வேறு மொழி தெரியாத மோனிக், தொட்டியைப் பார்த்தபடியே, "போட்டு... வாறன்... அப்படியென்றால் என்ன?" என்று கேட்டாள்.

ரூபன் சுகமாகக் கரைக்கு வந்ததும், அந்த நாளில் அங்கே என்ன நடந்தது என்று கேட்டேன்.

"எந்த நாள் எண்டு தெரியாது மாமா. ஒருக்கால் வேறை கப்பல் ஒண்டு எங்களுக்கு மேலாலை போச்சுது. மூச்சுக்கூட மெதுவாய் விடச் சொன்னாங்கள். பயத்திலை நீங்கள் சொன்னதை மனசுக்குள்ளை சொன்னன். வாய் திறக்கேல்லை."

மோனிக் இன்றும் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் தனியே நிற்கமாட்டாள். என்னை உறுத்துவது வேறு. போட்டு வாறன் என்று சொன்ன பிள்ளைக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை.

போன கிழமை அவன் திரும்பவும் கடலுக்குப் போனான். அன்று எல்லோரும் வீட்டுக்குப் போனபிறகு, தொட்டியருகே குனிந்து, "ஓம் ராசா, போட்டு வா" என்று தண்ணீருக்குச் சொன்னேன்.