தபாலில் வந்த மாட்டு வைத்தியம்

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் எனக்குக் கல்யாணமாகி மலாக்காவில் காஜா பேராங்கில் குடிவந்தோம். எங்க வீட்டுக்காரர் அப்போது தபால் மூலம் மாட்டு வைத்தியம் படித்துக்கொண்டிருந்தார். பாடம் தபாலில் வரும், பதில் தபாலில் போகும். வாத்தியார் கிடையாது, கூடப் படிக்கிறவர்கள் கிடையாது. முக்கியமாக, மாடு கிடையாது.

கடைசிப் பரீட்சை மட்டும் பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பண்ணையில், உயிருள்ள மாட்டோடு. பழகிப் பார்க்கலாமென்று பக்கத்துச் சந்துப் பால்காரரிடம் போய்க் கேட்டிருக்கிறார்.

"தம்பி, உன் வைத்தியம் தாள்லயே இருக்கட்டும். என் மாடு நல்லா இருக்கு, கெடுத்துடாதே" என்றாராம் அவர்.

அன்றிலிருந்து மனுஷர் சுருங்கிப்போனார். சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். சுவரைப் பார்த்துப் பேசுவார். பரீட்சைக்குப் போகவில்லை, புத்தகத்தையெல்லாம் கட்டிப் போடு என்றார். எனக்கோ அவர் முகத்தைப் பார்த்துப் பேசவே கூச்சம். ஆறாம் வகுப்போடு நின்றவள், என்ன சொல்லித் தேற்றுவேன்? கதவுக்குப் பின்னால் நின்றபடி சொன்னேன்.

"நான் வேணா மாடா இருக்கேன்."

சிரித்துவிட்டார். பத்து நாளில் அதுதான் முதல் சிரிப்பு.

தினமும் சாயங்காலம் சமையலறையில் நான் குனிந்து நிற்பேன். அவர் பாடத்தைப் படித்து, காதைத் தொட்டுப் பார்ப்பார், மூச்சை எண்ணுவார், பாதத்தைத் தூக்குவார். மாடு எங்கே வலிக்கிறதென்று சொல்லாது, நீயும் வாயைத் திறக்கமாட்டாய், இப்படி ஒரு மாடு யாருக்குக் கிடைக்கும் என்பார். ஆனால் திடீரென்று தொட்டால் எனக்குத் தூக்கிவாரிப்போடும். ஒருநாள் உதைத்த உதையில் காப்பிக் குவளை வாசலுக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் பக்கவாட்டில் நின்று, தொண்டையைக் கனைத்து, மெதுவாகக் கேட்டுவிட்டுத்தான் தொடுவார்.

பரீட்சையன்று பஸ்ஸில் நானும் போனேன். வேலிக்கு வெளியே முக்காடு போட்டு நின்றேன். இவருக்கு முன்னால் போனவர் உதை வாங்கிச் சாணியில் உட்கார்ந்தார். இவர் பக்கவாட்டில் போய் நின்றார். கனைத்தார்.

"தொடலாமா?"

பரீட்சை அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். மாடு காதை ஆட்டியது, அவ்வளவுதான். காலைத் தூக்கியபோதும் சும்மா நின்றது. தேறிவிட்டார்.

எந்த மாட்டிடம் பழகினாய் என்று அதிகாரி மலாய் மொழியில் கேட்டார். இவர் வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டே, வீட்டு மாடுதான், ரொம்பச் சாது என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் காலில் ஒரு உதை கொடுத்தேன். கூச்சப்படாமல்.