அம்மனைப் பார்த்த கண்

நவமணி அக்கா ஊசியை விளக்குக்கு நேரே பிடித்துக் கையை நீட்டுவார். போதாது. தலையைப் பின்னுக்குச் சாய்ப்பார். எச்சிலில் கூராக்கிய நூல் ஊசிக் காதுக்குள் போகாமல் பக்கத்தில் போய்விடும். "கை இன்னும் கொஞ்சம் நீளமா இருந்திருக்கலாம்லா" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

எங்கள் ரைபிள் ரேஞ்ச் பிளாட்டில் பாதிப் பேருக்கு ரவிக்கை தைப்பவர் அவர். வயது நாற்பத்தாறு. சின்ன வயதிலிருந்து போன வருடம் வரை தூரத்துக்குக் கண்ணாடி, பவர் அதிகமில்லை. தைக்க உட்கார்ந்தால் கழற்றி வைத்துவிடுவார். வெறுங்கண்ணுக்கே ஊசிக் காது வாசல்போலத் தெரிந்த காலம் அது.

கோவிலிலும் கழற்றிவிடுவார். சாமிக்கும் நமக்கும் நடுவில் கண்ணாடி எதற்கு என்பார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பின்னால் நின்றால் அம்மன் அவருக்கு மஞ்சளும் சிவப்புமாக ஒரு நிறம், அவ்வளவுதான். போன வருடம் கண்ணுக்கு லேசர் செய்துகொண்டதே அதற்காகத்தான். இனிமேல் வாசிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கும் என்று டாக்டர் மலாயில் சொல்லியிருக்கிறார். தான் பேப்பர் படிக்கிற ஆளே இல்லை என்று அக்கா சிரித்தாராம். ஊசியும் கிட்டத்துச் சாமான்தான் என்பது அப்போது தோன்றவில்லை.

கண் ஆறி வந்த முதல் வெள்ளிக்கிழமை நான் பக்கத்தில் நின்றேன். திரை விலகியது. அக்கா கும்பிடவும் மறந்து நின்றார். பிறகு என் காதருகே, "அம்மா சிரிச்சிக்கிட்டுலா இருக்காங்க. இத்தன வருசமா கோவமா இருக்காங்கன்னு நெனச்சேன்" என்றார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் எப்படிக் கண்ணாடி வாங்க மனசு வரும்? அம்மன் கொடுத்த கண்ணைக் குறை சொன்னதாகிவிடுமாம். கீழ்வீட்டு நல்லம்மாள் படியில் பார்க்கும்போதெல்லாம் சீண்டுவாள்: "அங்க தூரத்துல கொம்தார் கட்டடத்து சன்னலு தெரியுது, கைநகம் தெரியலியாக்கும்?" அக்கா சிரித்துக்கொண்டே போவார். ஆனால் துணி கொண்டு வருகிறவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள்.

போன வாரம், புஷ்பராணி மகளின் கல்யாண ரவிக்கை. ஹூக்குகள் கோணலாக விழுந்துவிட்டன. போட்டுப் பார்த்தால் ஒரு பக்கம் ஏறி நிற்கிறது. புஷ்பராணி நல்ல மனுஷி. "பரவால்லக்கா, பின்னு குத்திக்கிறோம்" என்றாள். கல்யாணப் பெண் தோளை இழுத்து இழுத்துப் பார்த்தது. திட்டியிருந்தால்கூட அக்கா தாங்கியிருப்பார்.

ரவிக்கையைத் திரும்ப வாங்கி மடித்து வைத்தார். "கல்யாணப் புள்ள பின்னு குத்திக்கிட்டு மணவறைல உக்காரக் கூடாது. நாளைக்கி வாங்கம்மா" என்றார். அவர்கள் படி இறங்கியதும் என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி டவுனுக்குப் போனார். கண்ணாடிக் கடையில் பிரேம் எதுவென்று பார்க்கவில்லை. ஊசி தெரிகிறதா என்று மட்டும் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தார். புதுக் கண்ணாடி மடியில் கிடந்தது. பிறகு அதை எடுத்து, பிரசாதத்தை ஒற்றுவதுபோல் இரண்டு கண்ணிலும் ஒற்றி, மாட்டிக்கொண்டு, முதல் ஹூக்கைப் பிரிக்க ஆரம்பித்தார்.