கேக் வாசனை

குளியலறைக் கண்ணாடிக்குக் கீழே, பலகையில், ஒரு சின்ன பாட்டில் நிற்கிறது. பழுப்பு மூடி, அதில் ஓரமாக ஒரு விரிசல். மேலே ஒட்டிய தாளில் ஒரு வெளிர்மஞ்சள் பூவும் இரண்டு கறுப்பு நெற்றுகளும். வெனிலா ஸ்பிரே. தி.நகர் பேருந்து நிலையத்துக்குப் போகும் வழியில், நடைபாதைக் கடையில், கொண்டை ஊசிகளுக்கும் கைப்பேசி உறைகளுக்கும் நடுவே கிடைப்பது. ஓட்டலில் டிபன் சாப்பிட்டுக் காபியும் குடிக்கிற காசுக்கு வாங்கிவிடலாம். தரமணி போகும் பறக்கும் ரயிலைப் பிடிக்க ஓடுவதற்கு முன்னால் இரண்டு மணிக்கட்டிலும் ஒரு தடவை அடித்துக்கொள்கிறேன். இது காலேஜ் பெண்கள் போட்டுக்கொள்ளும் வாசனை என்று எனக்குத் தெரியும். அலுவலகத்தில் பக்கத்து இருக்கையில் இருக்கும் பெண் ஒரு நாள் மூக்கை உறிஞ்சிவிட்டு, "மேம், வீட்ல கேக் பண்ணீங்களா?" என்று கேட்டாள். எங்கள் ஆத்தில் கேக்கே கிடையாதம்மா என்றேன். வேடிக்கையாகச் சொன்னேன் என்று நினைத்துச் சிரித்தாள்.

உண்மையாகவே கிடையாது. என் மாமியார் இருந்தவரை மயிலாப்பூரில் எங்கள் வீட்டு வாசற்படியை ஒரு கேக் தாண்டியதில்லை. கேக் என்றால் முட்டை. முட்டை போடாத கேக் என்று பெட்டியில் எழுதியிருந்தால், எழுதினவன் மேல் சந்தேகம். என் மகனின் பிறந்தநாளுக்குக் கேசரியைத் தாம்பாளத்தில் கொட்டி ஆறவைத்து, அதைத்தான் கத்தியால் வெட்டினோம். மெழுகுவர்த்தி வைக்க முடியாது, பிறந்தநாளும் அதுவுமாக விளக்கை ஊதி அணைப்பார்களா என்பார். அவரோடு வாதாடி ஜெயித்தவர்கள் எங்கள் குடும்பத்தில் யாரும் இல்லை. திட்டவும் மாட்டார். நான் போட்டுக் கொடுத்த காபியை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைப்பார், அவ்வளவுதான். அந்தத் தள்ளலுக்கு நான் கல்யாணமான புதிதில் அழுதிருக்கிறேன். பிறகு அழுவதற்கு நேரம் இல்லாமல் போய்விட்டது.

அவருக்கு மறதி மெதுவாகத்தான் வந்தது. முதலில் அடுப்பை அணைக்க மறந்தார், பிறகு கபாலி கோவிலிலிருந்து திரும்பும் வழியை மறந்தார். ஒரு நாள் என் கணவரைப் பார்த்து, "நீங்க யாராத்துப் பிள்ளை?" என்று மரியாதையாகக் கேட்டார். அதற்குப் பிறகு அவர் தன் அம்மாவின் அறை வாசலில் நின்று, "அம்மா சாப்ட்டாளா?" என்று என்னிடம் கேட்பதோடு நிறுத்திக்கொண்டார். கேட்பது அவர் பங்கு, ஊட்டுவது என் பங்கு என்று ஆகிவிட்டது. நான் அலுவலக வேலையை வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டு, மீட்டிங்கின் நடுவே ஓடிப்போய்ப் புடவை மாற்றிவிட்டு, மறுபடி வந்து கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்ட பிறகுதான், தனியாக முடியாது என்று ஆள் வைத்தோம்.

அப்படி வந்தவர்தான் அக்கா. அடையாற்று ஓரக் குடிசைப் பகுதியிலிருந்து காலையில் வந்து சாயங்காலம் போவார். நான் அவரை அக்கா என்றேன், அவர் என்னை யக்கா என்றார், எங்களில் யார் மூத்தவர் என்பது கடைசிவரை தீர்மானமாகவில்லை. மாமியாருக்கு மட்டும் அவர் நர்ஸ். நர்ஸ் இல்லை, பார்த்துக்கொள்ள வந்தவர் என்று சொன்னாலும் தலையில் ஏறவில்லை.

வந்த முதல் நாளே சண்டை. அக்கா தலையணையைச் சரி செய்யக் குனிந்ததும் மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்னது இது, ஆத்துக்குள்ள கேக் வாசனை வரது? இவ முட்டையைத் தொட்டுட்டு வந்திருக்கா. ஸ்வாமி அலமாரி பக்கம் போகச் சொல்லாதே."

"முட்டையும் இல்ல ஒன்னியும் இல்ல மாமி. சென்ட்டு இது. எம் பொண்ணு வாங்கிக் குட்த்துது."

"கேக்குல முட்டை போடாம என்ன போடறா? எனக்கா தெரியாது?"

முகங்கள் மறந்துபோன அவருக்கு இந்த ஆசாரம் மட்டும் ஒரு துளி மறக்கவில்லை. நான் அக்காவைச் சமையலறைக்குக் கூட்டிப்போய், சென்ட் போடாமல் வர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அக்கா காபி டம்ளரைக் கீழே வைத்தார். "யக்கா, எங்கூட்டாண்ட ஆறு நாறிக்கினே கீது. துணி காயப் போட்டா துணியில ஏறிக்கும், தலையில ஏறிக்கும். பஸ்ல பக்கத்துல குந்துறவங்க மூக்க மூடிக்கினாங்கன்னா, அன்னிக்கி முச்சூடும் மனசே சரியில்லாம பூடும். இது அடிச்சாத்தான் நான் ஊட்ட உட்டே வெளிய வருவேன்." இரண்டாவது காபி போட்டுக் கொடுத்தேன். அதை அவர் தள்ளி வைக்கவில்லை என்பதையும் கவனித்தேன்.

அக்கா வாசனையை விடவில்லை, மாமியார் முட்டையை விடவில்லை. தினமும் காலையில் அதே விசாரணை, அதே பதில். ஆனால் சில மாதங்களில் விசாரணை குறைந்தது. வெந்நீரில் உடம்பு துடைப்பது, தலை வாருவது, மோர்சாதம் ஊட்டுவது எல்லாம் அந்த வாசனையோடுதான் நடந்தது. ஒரு நாள் நான் உள்ளே போனபோது மாமியார் அக்காவின் கையைப் பிடித்து மணிக்கட்டை முகர்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை விட்டுவிட்டார். சாப்பிடத் தெரியாத குழந்தை மாதிரி வாயை இறுக்கிக்கொள்கிறவர், அக்கா கை கிட்டே வந்தால் வாயைத் திறந்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்தே இருந்தன.

பிறகு ஆற்றோரத்துக் குடிசைகளை எடுத்தார்கள். அக்காவுக்கு ஊருக்கு வெளியே, அடுக்குமாடியில் ஒரு வீடு கொடுத்தார்கள். கொஞ்ச நாள் அங்கிருந்தும் வந்து பார்த்தார். வரும்போதே முகம் வாடியிருக்கும், போகும்போது பேருந்து போய்விடுமோ என்று கடிகாரத்தையே பார்ப்பார். ஒரு நாள் பாத்திரம் தேய்க்கும் இடத்தில் நின்று சொன்னார். "முடில யக்கா. ரெண்டு பஸ்சு மாறி வர்றதுக்குள்ள பாதி உசுரு பூடுது. அங்க தண்ணி எப்ப வரும்னும் தெர்ல. பொண்ண தனியா உட்டுட்டு வர பயமா கீது. நான் இன்னா பண்றது சொல்லு." அவர் உள்ளே போய் மாமியாரின் நெற்றியில் திருநீறு வைத்துவிட்டு, போய் வருகிறேன் என்றார். மாமியார் நாளைக்குச் சீக்கிரம் வா என்றார்.

மறுநாளிலிருந்து சாப்பாடு நின்றது. வேறு ஆட்கள் வந்தார்கள். ஒருத்தியின் கையைத் தட்டிவிட்டார், இன்னொருத்தியைப் பார்த்துப் பயந்து அழுதார். நான் கிண்ணத்தோடு போனால், "நீ யாரு? எனக்கு வேண்டாம்" என்று உதட்டை மடித்துக்கொண்டார். ரசஞ்சாதத்தைக் குழைத்தேன், கஞ்சியாக்கினேன், பாலில் கரைத்தேன். எல்லாம் மார்பில் வழிந்தது. கன்னம் ஒட்டிப்போனது. வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர், இந்த வாரமும் இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் ஆகவேண்டும் என்றார். நினைவு நன்றாக இருந்த காலத்தில் தன் கூடப்பிறந்த அக்காவை ஆஸ்பத்திரியில் குழாயோடு பார்த்துவிட்டு வந்து, எங்கள் இருவரையும் எதிரே உட்காரவைத்து, "எனக்கு மட்டும் அதைச் சொருகிடாதேள்" என்று கேட்டவர் அவர். வாழ்க்கையில் என்னிடம் அவர் கெஞ்சிக் கேட்டது அது ஒன்றுதான். என் கணவர் வாசலில் நின்று, "அம்மா சாப்ட்டாளா?" என்றார். கையில் இருந்த கரண்டியை அவர் மேல் எறியாமல் இருந்ததே பெரிய விஷயம்.

வேறு வழி தெரியாமல் அக்காவுக்குப் போன் செய்தேன். ஒரே ஒரு நாள் வந்துவிட்டுப் போக முடியுமா என்றேன்.

"ஒரு நாள் வந்து ஊட்டிட்டுப் போனா மறுநாள் இன்னா பண்ணுவ?" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாமிக்கு என் மூஞ்சா தெரியும்? வாசனதான் தெரியும். நீயே ஒரு பாட்லு வாங்கி அடிச்சிக்கினு போ. மொதல்ல பேசாத. கைய மட்டும் கிட்ட நீட்டு."

அன்று மதியமே தி.நகருக்கு ஓடினேன். வெயிலில், துணிப்பைகளோடு இடித்துக்கொண்டு போகும் கூட்டத்தில், அக்கா சொன்ன நடைபாதைக் கடையைத் தேடிக் கண்டுபிடித்து, ஒவ்வொரு மூடியாகத் திறந்து முகர்ந்து பார்த்தேன். கடைக்காரப் பெண், "இன்னா வோணும்னு சொல்லுமா, இப்டி எல்லாத்தியும் மோந்து பாத்தா எப்டி" என்றாள். கேக் வாசனை வரவேண்டும் என்றேன். அவள் பின்னாலிருந்து இந்தப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். திறந்ததும் அக்கா பக்கத்தில் வந்து நின்றது போல இருந்தது. வாங்கும்போதே மூடியில் விரிசல் இருந்தது. மாற்றித் தரச் சொல்லும் பொறுமை எனக்கு இல்லை.

வீட்டுக்கு வந்து கை கழுவி, இரண்டு மணிக்கட்டிலும் அடித்துக்கொண்டு, மோர்சாதத்தோடு உள்ளே போனேன். பேசாமல் கையை நீட்டினேன். மாமியார் கண்ணைத் திறக்கவில்லை. மூக்கு மட்டும் அசைந்தது. பிறகு என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தோடு வைத்துக்கொண்டார். "நர்ஸ், வந்துட்டியா. இத்தனை நாள் எங்கே போயிட்டே?" வாயைத் திறந்தார். ஒரு கிண்ணம் முழுக்க உள்ளே போனது. நான் சமையலறைக்கு வந்து, காலிக் கிண்ணத்தைத் தொட்டியில் வைத்துவிட்டு, மேடையில் சாய்ந்துகொண்டு அழுதேன். குழாய் வேண்டாம் என்ற சந்தோஷம் இருந்தது. இத்தனை வருஷம் இந்த வீட்டில் நான் எந்த வாசனையோடு நடமாடினேன் என்ற கேள்வியும் இருந்தது. அக்காவின் மேல் பொறாமையாகக்கூட இருந்தது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அன்றிலிருந்து நான் நர்ஸ். முதல் சில நாட்கள் "ம்" கொட்டுவதோடு நிறுத்திக்கொண்டேன். பிறகு தைரியம் வந்து, "சாப்டு மாமி" என்றேன். அதுவரை அவரை நான் அம்மா என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அவர் நர்ஸிடம் நிறையப் பேசினார். மருமகளிடம் பேசாததெல்லாம் பேசினார். "என் மாட்டுப்பொண்ணு ஒரு காபி போடுவா பாரு, மாட்டுக்கு வைக்கற கழநீர் தோத்துது" என்று ஒரு நாள் சொன்னார். தள்ளி வைத்த அத்தனை டம்ளருக்கும் கடைசியில் ஒரு காரணம் கிடைத்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அன்று முழுக்க உடம்பு கனமாக இருந்தது. தூக்கம் இல்லாத உடம்பு. மாமியார் ராத்திரியில் அடிக்கடி கூப்பிடுவார், பகலில் எனக்கு அலுவலகம். கண்ணை மூடினால் விழுந்துவிடுவேன் என்று நின்றுகொண்டே வேலை பார்த்த நாட்கள் அவை.

அப்படி ஒரு மதியம். சாப்பாடு முடிந்து வாயைத் துடைத்துவிட்டு எழுந்தேன். மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போலக் குரலைத் தாழ்த்தினார்.

"நர்ஸ், எனக்கு ஒரு உபகாரம் பண்ணு. பக்கத்து ரூம்ல என் மாட்டுப்பொண்ணு இருக்கா. தூங்கறதே இல்லை அவ. கண்ணெல்லாம் உள்ளே போயிடுத்து. எனக்குச் சொல்லத் தெரியலை. நீ போய் அவளைச் சித்த படுத்துக்கச் சொல்லு. நான் கூப்பிட மாட்டேன்னு சொல்லு."

சரி மாமி என்றேன். அவர் விடவில்லை. "இப்பவே போய்ச் சொல்லு" என்றார். கையை விடுவித்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனேன். அங்கே யாரும் இல்லை, மேஜையில் என் அலுவலகக் கணினி மட்டும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதை மூடினேன். கட்டிலில் படுத்துக்கொண்டேன். எழுந்தபோது ஜன்னலில் வெயில் இறங்கியிருந்தது. பதறிப்போய் ஓடினேன். மாமியார் முழு விழிப்போடு, இரண்டு கைகளையும் வயிற்றின் மேல் கோத்துக்கொண்டு, வாயை இறுக்க மூடியபடி படுத்திருந்தார். புடவையும் படுக்கையும் நனைந்து கிடந்தன. எப்போது நனைந்ததோ, அவர் கூப்பிடவே இல்லை.

அதற்கு அடுத்த தை மாதம் அவர் போய்விட்டார். குழாய் போடவேண்டி வரவில்லை. சேதி கேட்டு அக்கா இரண்டு பேருந்து மாறி வந்தார். கூடத்தில் என்னைக் கட்டிக்கொண்டவர், மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "நீ இன்னும் அத உடலியா யக்கா" என்றார். அவரிடமிருந்தும் அதே வாசனைதான் வந்தது. மாமியார் நர்ஸிடம் சொல்லி அனுப்பிய சேதி என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது என்று அன்று அக்காவிடம் சொன்னேன். என் கணவரிடம் இதுவரை சொல்லவில்லை.

இன்றும் ரயிலில் நின்றுகொண்டே வந்தேன். திருமயிலையில் படியிறங்கி வீட்டுக்கு வரும்போது கால் என்னுடையதாக இல்லை. கூடத்தில் துணி மடிக்காமல் கிடக்கிறது, தொட்டியில் காலைப் பாத்திரம். இனி என்னை ராத்திரியில் கூப்பிட யாரும் இல்லை, ஆனாலும் நான் சரியாகத் தூங்குவதில்லை, அந்தப் பழக்கம் உடம்பை விட்டுப் போகவில்லை. முகம் கழுவக் குளியலறைக்குப் போனேன். பாட்டிலில் அடிமட்டத்தில் கொஞ்சம்தான் மிச்சம், சனிக்கிழமை தி.நகர் போகவேண்டும். விரிசல் விட்ட மூடியை எடுத்து, மணிக்கட்டில் ஒரு தடவை அடித்து, மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனேன். கண்ணாடியில் தெரிந்தவளுக்குக் கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது.

"யக்கா," என்றேன் அவளிடம், "மாமி உன்ன சித்த படுத்துக்க சொல்லுது."

பாத்திரத்தை அப்படியே விட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.