ஷாகிதாவின் நீலத்தாள்

"கைய எடுங்க சார்! இப்பத்தான் தொடச்சு வெச்சிருக்கேன்."

என்னை அதட்டிவிட்டு ஷாகிதா டைட்டானியத் தகட்டின்மேல் மருந்தில் நனைத்த தாளை ஒட்டுகிறார். மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து காத்திருக்கிறார். தாளில் நீலப் புள்ளி வந்தால் அங்கே இரும்புத் துகள் பதிந்திருக்கிறது. வராவிட்டால், "மாஷா அல்லாஹ்" என்று அடுத்த சாணுக்கு நகர்கிறார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அமிலத் தொட்டிகள் செய்யும் பட்டறை இது. ஷாகிதா பூந்தமல்லியிலிருந்து பதினாறு வருஷமாக பஸ்ஸில் வருகிறார். டைட்டானியத்தை அமிலம் ஒன்றும் செய்யாதாமே என்று என் மேதாவித்தனத்தைக் காட்டினேன்.

"மேல ஒரு தோல் கீது சார், கண்ணுக்குத் தெரியாது. அதான் காப்பாத்துது. கீறினாக்கூட அதுவே மூடிக்கும். ஆனா இரும்பு தேய்ச்ச பிரஷ்ஷால இத்த தேய்ச்சா, பொடி உள்ள பூந்துக்கும். ஆசிட்டு அங்கதான் வாய வெக்கும்."

அவருடைய பிரஷ்கள் சோற்று டப்பாவோடு பையில் பூட்டிக் கிடக்கும். வெல்டர் தேவராஜ் ஒருமுறை இரவல் கேட்டதற்கு, "என் பல்லு பிரஷ்ஷ வேணா எடுத்துக்கோ" என்றாராம்.

நான் பட்டறையைப் பார்க்கப் போன அன்று ஒரு தொட்டி லாரியில் ஏறவேண்டும். ஏற்கெனவே மூன்று வாரம் தாமதம். இன்னும் ஒரு நாள் தள்ளினால் இனி ஆர்டரே கிடையாது என்று வாங்குகிறவர் சொல்லிவிட்டார். முதலாளி கங்காதரன், பாவம், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அந்தத் தொட்டியில் ஒட்டிய கடைசித் தாளில் கடுகளவு நீலம். ஷாகிதாவின் முகம் வெளுத்துவிட்டது. தாளைக் கசக்கி எறிந்திருந்தால், பக்கத்தில் நின்ற எனக்கே தெரிந்திருக்காது. அவரோ முதலாளியைக் கூப்பிட்டார்.

"என் தப்புதான் சார். நேத்து தேவராஜுக்கு ஒத்தாசையா இரும்பு வேலைல நின்னேன். அதே கையுறையோட வந்து இத்த அழுத்தித் தொடச்சுட்டேன். மறுபடி ஆசிட்டுல கழுவி இரும்பக் கரைக்கணும். ஒரு நாள் ஆவும்."

"கடுகு சைஸ்தானே ஷாகிதாம்மா? துணியால துடைச்சா போயிடாதா?" கங்காதரனின் குரல் கெஞ்சியது.

"நீலம் போவும் சார். இரும்பு போவாது."

 கங்காதரன் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.  

வாசலில் லாரி உறுமிக்கொண்டிருந்தது. ஷாகிதா விடுவிடுவென்று நடந்தார். டிரைவரின் ஜன்னல் வழியே கையை விட்டுச் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தார்.